அடிக்கவும் உரிமை, மறுக்கவும் உரிமை

ஏப்ரல் 14 நெருங்குகிறது. அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்காக நம் மாவட்டத்துச் சேரிகளில் இளைஞர்கள் நோட்டீஸ் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். காலையில் சிலைக்கு மாலை, மதியம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, இரவு கலைநிகழ்ச்சி. டிராக்டர் டிரெய்லரே மேடை. நாலு டியூப் லைட், இரண்டு ஒலிபெருக்கி, ஒரு பறைக்குழு, ஓர் ஒயிலாட்டச் செட்டு, இரண்டு மூன்று கிராமியப் பாடகர்கள். முந்நூறு பேர் வந்தால் பெரிய கூட்டம். நாம் பேச வந்தது இந்தச் சின்ன விழாக்களைப் பற்றித்தான்.

இதே பங்குனி, சித்திரையில்தான் மாரியம்மன் திருவிழாக்களும் கோயில் கொடைகளும் வரிசைகட்டி வருகின்றன. அங்கேயும் பறை வேண்டும். நம் கலைஞர்களும் போகிறார்கள். ஆள் ஒருவர்தான், பறையும் ஒன்றுதான். சேரி மேடையில் அவருக்குச் சால்வை போர்த்துகிறோம். பல ஊர்க்கோயில்களில் அவர் நிற்க வேண்டிய இடம் தனி, கூப்பிடும் விதம் தனி, சாப்பாடும் தனி. எல்லா ஊரும் இப்படி இல்லை. ஆனால் இப்படி இருக்கும் ஊர்கள் எவை என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட விரல்விட்டுச் சொல்வார்கள்.

2025ஆம் ஆண்டு அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறை அடித்த கைகளுக்கு நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்று வந்ததில் நமக்குப் பெருமைதான். ஆனால் விருது ஒருவருக்குத்தான் வரும். மற்ற ஆயிரக்கணக்கான கலைஞர்களின் நிலையை மாற்ற வேண்டியது அவரவர் ஊர். அதற்கு இந்தச் சின்ன விழா எப்படி உதவும்? பறையை மேடையேற்றிக் கைதட்டிவிட்டால் விடுதலை வந்துவிடாது. கட்டாயம் என்று கூப்பிடும் இடத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லும் தெம்பை அந்தக் கலைஞருக்குக் கொடுத்தால்தான் விழா வென்றதாக அர்த்தம்.

மறுத்தவர்களின் வரலாறு

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பியம். புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைப் பெயர் சொல்லிச் சிறப்பிக்கிறது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த கருவியைப் பின்னால் வந்த சாதி ஒரு தெருவுக்குள் அடைத்தது. சாவு வீட்டுக்கு அடி, தண்டோராவுக்கு அடி, சாமி புறப்பாட்டுக்கு முன்னால் தள்ளி நின்று அடி என்று அதை ஊழியமாக்கியது. கூலி என்று பேசாமல், ஊரார் பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் ஆக்கியது.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய தொண்ணூறுகளில் பல சேரிகள் இதை எதிர்த்து நின்றன. இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம், தண்டோரா போட மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். மறுத்த குடும்பங்களுக்கு வயலில் வேலை நின்றது, கடையில் சாமான் நின்றது, அடியும் விழுந்தது. அந்த மறுப்பின் நியாயத்தை அரசு ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியது 2022இல்தான்.

அதே தொண்ணூறுகளில் இன்னொரு முயற்சியும் நடந்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலைவிழாக்களை நடத்தியது. அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு கிராமியப் பாட்டையே விடுதலைப் பாட்டாக்கினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். பெண் தொடக் கூடாது என்று சொல்லப்பட்ட கருவி அது. சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் மேடை மேடையாக மக்கள் பாட்டைப் பாடினார். பேராசிரியராக உயர்ந்து உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

ஒரு பக்கம் பறையைக் கீழே வைத்தவர்கள், இன்னொரு பக்கம் அதைக் கையில் எடுத்தவர்கள். இரண்டில் எது சரி என்ற விவாதம் இன்றும் நம் தெருக்களில் நடக்கிறது. பெரியவர்களில் சிலர், படித்த பிள்ளை பறையைத் தொடக் கூடாது என்கிறார்கள். கல்லூரி இளைஞர்களோ பறைப் பயிற்சி முகாமுக்கு ஆர்வத்தோடு போகிறார்கள். இரு தரப்புமே சொல்வது ஒன்றுதான் என்பது நம் கருத்து. கட்டாயத்துக்கு அடிப்பது அடிமைத்தனம். விரும்பி, கூலி பேசி, தலைநிமிர்ந்து அடிப்பது கலை. பறையைக் கீழே வைத்த பெரியவர்கள் இல்லாமல், இன்றைய இளைஞர்கள் அதை விருப்பத்தோடு எடுத்திருக்க முடியாது.

பெரிய மேடையும் சின்ன மேடையும்

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் கொண்டுவந்தது. இடையில் நின்றுபோய், 2023 பொங்கலுக்கு அரசு விழாவாகத் திரும்பி வந்தது. 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களின் தெருவிலேயே கலைவிழா நடந்தது. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் மேடை ஏறியது. 2020இல், சபாக்களின் மாதமான மார்கழியிலேயே நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. இவை எல்லாம் நமக்குக் கிடைத்த வெற்றிகள். கலைஞர்களுக்கு வருமானமும் பெயரும் வந்தன. நம் பிள்ளைகள் கானாவையும் ஒப்பாரியையும் வெட்கப்படாமல் கேட்கிறார்கள்.

ஆனாலும் அந்த மேடைகளுக்கு ஓர் எல்லை உண்டு. சென்னையில் கைதட்டுபவருக்குக் கலைஞரின் ஊர் தெரியாது. நிகழ்ச்சி முடிந்து அவர் பஸ் ஏறி வீடு வந்து சேர்கிறார். மறுநாள் காலையில் ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் பழைய குரலிலேயே ஆள் வருகிறது. அவரைக் கூப்பிடுகிறவர் அந்தச் சென்னை மேடையைப் பார்த்தவர் இல்லை.

சின்ன விழா நடப்பது அவருடைய சொந்த ஊரில். வேலை கொடுக்கும் நிலக்காரர், பள்ளி ஆசிரியர், டீக்கடைக்காரர், ஊராட்சி உறுப்பினர் என்று அவரை அன்றாடம் பார்ப்பவர்களின் காதில் அந்த அடி விழுகிறது. நேற்றுவரை பெயரைச் சுருக்கி ஒருமையில் கூப்பிட்டவர், மைக்கில் அவர் பெயரைத் தந்தை பெயரோடு, 'ஆசான்' என்ற பட்டத்தோடு கேட்கிறார். அதைக் கேட்ட பிறகு பழைய மாதிரி கூப்பிட நாக்கு கொஞ்சமாவது தயங்கும். முந்நூறு பேர் கூடும் விழாவுக்கு இருக்கும் பலம் இதுதான்.

நடத்துகிறவர்களுக்கு

விழா நடத்தும் இளைஞர்களோடு சேர்ந்து வேலை செய்ததில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறோம்.

முதலில் பணம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஃபிளக்ஸுக்கும் ஆகும் செலவைவிடக் கலைஞர்களின் சம்பளம் கூடுதலாக இருக்க வேண்டும். 'நம்ம ஆளுங்கதானே, குறைச்சுக்குங்க' என்று நாமே கேட்பது ஊரார் கேட்பதைவிட மோசம். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். மீதியை அன்றிரவே, வேன் கிளம்பும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு வாங்க என்பது பண்ணையார் காலத்துப் பேச்சு.

அடுத்தது பெயர். நோட்டீஸில் தலைவர்களின் படம் பெரிதாகவும், கலைஞர்கள் கடைசி வரியில் 'கலைநிகழ்ச்சி நடைபெறும்' என்றும் போவது வழக்கம். குழுவின் பெயர், ஆசானின் பெயர், ஊர் ஆகியவற்றை அச்சிடுங்கள். தஞ்சைப் பக்கம் தப்பாட்டம் என்கிறார்கள், சில குழுக்கள் பறையாட்டம் என்றே போடச் சொல்கிறார்கள். எந்தப் பெயர் வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த நோட்டீஸைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யவும், மாவட்டக் கலைமன்றத்தின் கலை நன்மணி, கலை முதுமணி போன்ற விருதுகளுக்கு விண்ணப்பிக்கவும் அனுபவத்தைக் காட்ட அது உதவும். விழா நாளில் ஒரு மேசை போட்டு, படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து வாரிய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தால் அது ஒரு பெரிய தொண்டு.

மூன்றாவது, இருக்கவும் உடை மாற்றவும் இடம். கரகாட்டம் ஆடும் பெண்கள் உடை மாற்றக் கதவு உள்ள அறையும் கழிவறையும் வேண்டும். ரூபாய் நோட்டை ஆடையில் குத்துவது, இரட்டை அர்த்த வசனம் கேட்டுக் கூச்சல் போடுவது ஆகியவை நம் மேடையில் நடக்கவே கூடாது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லி ஆபாசமாக ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023இல் தடை வந்தது. அந்தப் பெயரில் நடந்த இழிவு வேறு பெயரில் நம் விழாவுக்குள் நுழைய விடக் கூடாது. தோல் பறை என்றால் காய்ச்ச வேண்டும். பந்தலுக்குத் தள்ளி ஓரிடமும் வைக்கோலும் ஏற்பாடு செய்யுங்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. கலைஞர்களுக்குக் கொல்லைப்புறத்தில் பொட்டலம் என்றால் சமத்துவ நாள் என்று பேனர் கட்டுவதில் அர்த்தம் இல்லை.

அனுமதியும் சட்டமும்

காவல் நிலையத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கோயில் விழாவுக்கு விடிய விடிய ஒலிபெருக்கி ஓடும் ஊரில், அம்பேத்கர் விழாவுக்கு மட்டும் பத்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்க வருவார்கள். விதி எல்லோருக்கும் ஒன்று என்று கேட்க வேண்டுமானால், நாம் விதிப்படி நடந்திருக்க வேண்டும்.

நாங்கள் துணை நின்ற ஒரு விழாவில், பறை ஊர்வலம் சேரித் தெருவுக்குள்ளேயே முடிய வேண்டும், மெயின் ரோட்டுக்கு வரக் கூடாது என்று அதிகாரி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். எழுதித் தரவில்லை. ஊர்வலம் மெயின் ரோட்டில்தான் போனது. இந்த இடத்தில் சட்டம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பட்டியல் சாதியினர் கலந்துகொள்வதையோ அவற்றை நடத்துவதையோ தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின் கீழ் குற்றம். கூலியில்லாக் கட்டாய வேலை வாங்குவதும், சமூகப் புறக்கணிப்புச் செய்வதும் அதே சட்டத்தில் குற்றங்கள்தான். ஆகவே, சாவுக்கு அடிக்க மறுத்த குடும்பத்துக்குக் கடையில் சாமான் தர மறுத்தால், அதை ஊர் வழக்கம் என்று விட்டுவிட முடியாது. புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

போய் உட்காருவதும் வேலைதான்

விழாவுக்கு வருகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. நோட்டீஸில் பெயர் போட்ட பிரமுகர்கள் ஏழு மணிக்கு வந்து அரை மணி நேரம் பேசிவிட்டு, பறை தொடங்கும்போது காரில் ஏறிவிடுகிறார்கள். கலைஞர்களுக்கு மிஞ்சுவது ஒன்பதரைக்கு மேல் அரை மணி நேரம். பேச்சைக் குறைத்து ஆட்டத்தை முன்னால் வையுங்கள். வந்தவர்கள் கடைசி அடிவரை உட்காருங்கள். செல்போனில் படம் பிடித்தால் குழுவின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். அதைப் பார்த்து இன்னோர் ஊரிலிருந்து அச்சாரம் வரும்.

பக்கத்து ஊர் விழாவுக்கும் போங்கள். ஒரு சேரி விழாவுக்கு ஐந்து சேரிகளிலிருந்து ஆள் வந்தால் அந்த ஊரின் தைரியமே வேறு. ஊர்த்தெருவில் உள்ள நண்பர்களையும், கூடப் படிக்கும் பிள்ளைகளையும், ஆசிரியர்களையும் அழைத்து வாருங்கள். சாதி இந்துக்கள் வீட்டுப் பிள்ளைகள் பறை கற்றுக்கொள்ள வந்தால் வரவேற்போம். அடிக்கக் கற்றவர், சேரி ஆசானைத் தன் வீட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடவும் கற்றுக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு நம் பிள்ளைகள் தயாராகும்போது, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நம் தெரு ஆசானையே மதிப்பூதியத்தோடு அழைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்.

வருமானம் இருந்தால்தான் மறுக்க முடியும். ஆண்டுக்குப் பத்து மேடை கிடைக்கும் கலைஞர், மரியாதையில்லாத பதினோராவது அழைப்பை மறுப்பார். ஒரு மேடையும் கிடைக்காதவர் எந்த அழைப்புக்கும் போய்த்தான் ஆக வேண்டும். அந்தப் பத்து மேடைகளை நம் மாவட்டத்துச் சேரிகளே உருவாக்க முடியும். ஏப்ரல் 14, டிசம்பர் 6, பொங்கல் என்று நாட்கள் இருக்கின்றன. ஐந்தாறு ஊர் இளைஞர் மன்றங்கள் ஒன்றாக உட்கார்ந்து தேதியைப் பிரித்துக்கொண்டால் ஒரே குழு எல்லா ஊருக்கும் போகலாம்.

இந்த ஆண்டு விழா முடிந்ததும் வரவு செலவு பார்ப்பீர்கள். அப்போது இன்னொரு கணக்கையும் பாருங்கள். நம் மேடையில் அடித்த ஆசான், அடுத்த சாவுக்கு ஆள் வந்து அதட்டிக் கூப்பிட்டால் என்ன சொல்வார்? 'சம்பளம் பேசுங்க, மரியாதையாப் பேசுங்க, இல்லேன்னா வர முடியாது' என்று அவரால் சொல்ல முடியுமா? அவர் சொன்ன பிறகு அவர் வீட்டு வாசலில் போய் நிற்க நாம் எத்தனை பேர் தயாராக இருக்கிறோம்?