பேனாத் தண்டைக் காசிமேட்டில் வார்க்கலாம்

திருவள்ளூரில் ரங்கா நிறுவனம் கையால் கடையும் பேனாக்களை வெளிநாட்டினரும் தேடி வாங்குகிறார்கள். எபோனைட்டோடு, வெளிநாட்டு அக்ரிலிக் தண்டுகளிலும் அவை உருவாகின்றன. அத்தகைய வண்ணத் தண்டுகளை வடசென்னையிலேயே வார்க்க முடியும். 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைக் கட்டப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினைக் கையாளத் தெரிந்தவர்கள் வடசென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில் இருக்கிறார்கள். அதே ரெசினின் வார்ப்புத் தரத்தில் நிறமி சேர்த்து, ஓரிரு சதவீதம் ஹார்டனர் கலந்து அச்சில் ஊற்றினால் தண்டு தயார். சொல்வதற்கு எளிது! ஹார்டனர் கூடினால் சூடேறி விரிசல் விடும். காற்றுக்குமிழி தங்கினால் கடைசலில் குழியாக இளிக்கும். குமிழியை அடக்க அழுத்தக் கலன் தேவை. படகு வேலைக்குத் தேவைப்படாத இந்த நுணுக்கம்தான் புதிதாகக் கற்க வேண்டியது.

2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அம்மோனியாக் கசிவையும் அடுத்தடுத்துப் பார்த்த, அதே வடசென்னையின் எண்ணூர் மக்கள், இன்னொரு ரசாயனமா என்று கேட்டால் அது நியாயமே. ஆனால் தண்டு வார்ப்பில் புழங்குவது வெறும் கிலோக் கணக்குதான். ஊரைவிட உழைப்பவருக்கே ஆபத்து அதிகம்: ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி கண்ணெரிச்சலும் தலைச்சுற்றலும் தரும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. எனவே, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் வசதியுள்ள பொதுப் பட்டறையை அரசு முதலில் அமைக்கட்டும். அதுவரை யாரும் வீட்டு அறையில் இதைத் தொடங்க வேண்டாம்.