பழைய பியானோவும் புதிய சுத்தியலும்

கல்லூரி யூபிலி மலரிலே தமிழாசிரியர் பியானோவைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். 1947 இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூலைக் கற்றவர் வியவார். பழைய யாழ் எதுவும் எஞ்சியிராமையால், அதன் உருவையும் இசையையும் அடிகளார் நூற்சான்றுகளைக் கொண்டே ஆராய்ந்து காணவேண்டியவரானார். கருவி அழிந்தபின் அதன் ஒலியைத் தேடுவது எத்துணை அரிது! இப்பாடத்தை இன்னும் எஞ்சியுள்ள பழைய பியானோக்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே எமது நோக்கம்.

ஆங்கிலராட்சிக் காலத்திற் கப்பலேறி வந்த பியானோக்கள் சில இந்நாட்டுப் பாடசாலைகளிலும் இல்லங்களிலும் இன்றும் உள. அவற்றுள், தந்திகள் கிடையாக அமைந்த கிராண்ட் பியானோவை எடுத்துக்கொள்வோம். கட்டையை விரல் அழுத்தியதும் உள்ளேயுள்ள சிறு சுத்தியல் மேலெழுந்து தந்தியை அடித்து மீளும். பியானோவை முதலில் அமைத்த இத்தாலியரான கிறித்தோபோரி 1726 இற் செய்த கருவியொன்று ஜெர்மனியிலே லைப்சிக் நகர நூதனசாலையில் உளது. அதன் சுத்தியற்றலை சுருட்டிய கடதாசியாலானது. அதன்மேல் தோல் ஒட்டப்பட்டுள்ளது. 1826 இற் பாரிசு நகரத்துப் பாப் என்பார் அழுத்திய கம்பளியைச் சுத்தியலுக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். காலப்போக்கிற் கம்பளியே பெருவழக்காயிற்று.

கம்பளியோ தேயும் பொருள். தந்தியின் தடம் அதிற் பள்ளமாகப் பதியும், பூச்சியும் அரிக்கும். சிறிது தேய்ந்ததை அரத்தாளினாற் சீராக்கலாம். மிகத் தேய்ந்ததை மாற்றியே தீரல் வேண்டும். ஆதலின் மாற்றுவதை யாம் குறைகூறோம். மாற்றியது கருவிக்குப் பொருந்துமோவென ஆராயாதிருத்தலையே குறைகூறுகின்றோம்.

மாற்றியதை அறிவது எங்ஙனம்? நூறாண்டு கடந்த கருவியிற் கம்பளி வெண்மை மாறாதிருப்பின் ஐயுறல் தகும். சுத்தியற்காம்பின் மரம் புதிதாயிருத்தலும், காம்பும் தலையும் பொருந்துமிடத்து இருநிறப் பசை காணப்படுதலும் வேறு சான்றுகள். கட்டைகளிற் பதித்த ஈயத்துண்டுகளையும் நோக்குக. மங்கிய பழைய ஈயத்தின் அருகே மின்னும் புதிய ஈயம் இருப்பின், பாரமிக்க சுத்தியலைப் பூட்டிவிட்டு அதனை ஈடுசெய்ய முயன்றனர் என உய்த்துணரலாம்.

இவ்வாறு ஈடுசெய்வதை யாம் ஒப்பமாட்டோம். கட்டை ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தாழச் சுத்தியல் ஏறக்குறைய 45 மில்லிமீற்றர் உயரும். ஆகவே சுத்தியலில் 1 கிராம் மிகுந்தாற் கட்டையில் ஏறக்குறைய 5 கிராம் மிகும். ஈயஞ் சேர்த்தால் நிறை சமன்படும். ஆயின் விரல் அசைக்கவேண்டிய திணிவு கூடுமேயன்றிக் குறையாது. மெல்ல வாசிக்கும்போது தோன்றாத பாரம் விரைந்து வாசிக்கும்போது கையை வருத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருவிகள் பலவற்றுக்கு இலேசான சுத்தியலே உரியது. அவற்றுக்கு இக்காலப் பருஞ் சுத்தியலைப் பூட்டுவது கன்றின் கழுத்தில் எருதின் நுகத்தை ஏற்றுவதையொக்கும்.

இனி, ஒலியை மதிப்பிடும் வகை. உரத்து ஒலிப்பதே நல்லதென மயங்குவோர் பலர். முதலில் மெல்ல வாசிக்கச் செய்து கேட்டல் வேண்டும், பின்னரே வல்லோசை. இரண்டும் அளவில் மட்டுமன்றிப் பண்பிலும் வேறுபடல் வேண்டும். மெல்ல வாசிப்பினும் கணீரென்றே ஒலிப்பிற் கம்பளி இறுகியுள்ளது என்க. அதனை ஊசியாற் குத்தி இளக்கலாம். மிக மென்மையாயின் இறுகச் செய்யும் திரவம் ஊட்டலாம். இவை திருத்தக்க குறைகள். பாரமும் அளவும் பிழைத்த சுத்தியலை எவ்வூசியும் திருத்தாது.

எமக்குத் தெரிந்த இல்லமொன்றிற் பழைய கருவிக்குப் புதுச் சுத்தியல் பூட்டினர். பிள்ளைகள் கைநோகிறதென்று வாசிப்பதையே விட்டனர். பின்னர் வந்த வல்லுநர் ஒருவர், “பழைய சுத்தியலில் ஒன்றாவது இருக்கிறதா?” என வினவினார். அனைத்தும் குப்பையோடு எரிந்துவிட்டன. ஒன்று இருந்திருப்பின் பாரமும், நீளமும், காம்பு நுழையும் சாய்வும் அளந்தறிந்திருக்கலாம்.

ஆதலின் பழைய பியானோ வைத்திருக்கும் அன்பர்களுக்கு யாம் வேண்டுவது இதுவே. சுத்தியலை மாற்றுமுன் மந்தம், மத்திமம், உச்சம் ஆகிய மூவிடத்தும் சிலவற்றின் நிறையை எடைபோட்டு எழுதுவியுங்கள். கழற்றியவற்றைப் பெட்டியிலிட்டுக் கருவியோடு வையுங்கள். மாற்றிய ஆண்டையும் எழுதி வையுங்கள். கிறித்தோபோரியின் கடதாசிச் சுத்தியல்கள் எறியப்படாதிருந்தமையாலன்றோ அவற்றைப் பற்றி இன்று நாம் பேசுகின்றோம்!