நாங்கள் ஊர் பார்க்கப் போனோம், எங்களைப் பார்க்க வந்தார்கள்

கடந்த மாதம் குடும்பத்தோடு மும்பை போயிருந்தோம். தாராவியில் அக்கா வீட்டில் தங்கினோம். ஊர் சுற்றிப் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

காலையில் மாடி வீட்டிலிருந்து இரும்பு ஏணி வழியாக ஒவ்வொருவராக இறங்கினோம். எதிரே ஏழெட்டு வெளிநாட்டுப் பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு வழிகாட்டிப் பையன். ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போகமுடிகிற சந்து அது. நாங்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டோம்.

"அத்த, இவுக நம்ம வீட்டயா பாக்க வந்திருக்காவ?" என்று கேட்டாள் பாப்பா.

"ஆமாட்டி. தெனமும்தான் வாறாவ" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார்.

அந்தப் பயணிகள் மீதோ, பிழைப்புக்காக வழிகாட்டும் பையன் மீதோ எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வி நாள் முழுக்க எங்களோடு வந்தது. ஒரு நகரத்தில் பார்க்கிறவர் யார், பார்க்கப்படுகிறவர் யார் என்பதை முடிவுசெய்வது எது?

மாஹிமில் ரயில் ஏறி சர்ச்கேட்டில் இறங்கினோம். அருகிலேயே சிடன்ஹாம் கல்லூரி. எந்தச் சுற்றுலாக் கையேடும் அங்கே நம்மை நிற்கச் சொல்வதில்லை. 1918-ல் அண்ணல் அம்பேத்கர் அந்தக் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். பேராசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்களே எதிர்த்தார்கள். கல்லூரிக்கு வெளியே நின்று பாப்பாவிடம் இதைச் சொன்னோம். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியா. நிற்க இடமில்லாத கூட்டம். நாங்களும் எல்லோரையும்போல படம் எடுத்துக்கொண்டோம். 1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டத் தொடங்கி, 1924-ல் திறந்தார்கள். அதே 1924-ல், அதே நகரத்தில், பரேல் தாமோதர் ஹாலில் அண்ணல் கூட்டிய கூட்டத்திலிருந்துதான் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா' பிறந்தது. மன்னரின் வருகைக்குக் கல் வளைவு இருக்கிறது. மனிதராக வாழ மக்கள் கூடிய இடத்துக்குச் சுற்றுலாப் பேருந்து போவதில்லை.

மத்தியானத்துக்கு மேல் பரேல் போனோம். அங்குள்ள பிஐடி சாலில் ஒரு சிறு குடியிருப்பில் அண்ணல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கட்டடத்தைக் கீழே நின்று பார்த்தோம், மேலே ஏறவில்லை. அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க மனம் வரவில்லை. காலையில் நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றது நினைவிலிருந்தது.

பிறகு தாதர். இந்து காலனியில் அண்ணல் தன் நூல்களுக்காகவே கட்டிய ராஜகிருகம். அதைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கடற்கரையில் சைத்யபூமி சேர்ந்தோம். 1956 டிசம்பர் 6-ல் டெல்லியில் மறைந்த அண்ணலின் உடல் மறுநாள் எரியூட்டப்பட்ட இடம் இது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6-ல் மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் லட்சக்கணக்கில் நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சிவாஜி பார்க்கில் புத்தகம் வாங்குகிறார்கள். அப்படியே கேட்வேயையும் கடலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போகிறார்கள். உடனே நகரத்துப் பெரிய மனிதர்கள் முணுமுணுப்பார்கள்: நெரிசல், குப்பை, டிக்கெட் இல்லாத பயணம். இதே தாதர் கடலில் பிள்ளையார் கரைக்கிற நாளிலும் நெரிசல் உண்டு, குப்பை உண்டு. அதற்குப் பெயர் பண்பாடு. நாம் கூடினால் மட்டும் அது தொல்லை. இரண்டு நாளும் குப்பையை அள்ளுகிற கைகள் யாருடையவை என்று அவர்கள் கேட்பதே இல்லை.

ஆக, சேரியாகப் பார்க்கத் தாராவிக்கு வருவார்கள். மக்களாக நாம் கூடினால் முகம் சுளிப்பார்கள். நம் வரலாறு நடந்த இடங்களைத் தாண்டிப் போவார்கள். இதைத்தான் பொதுப்புத்தியின் சாதிப் பார்வை என்கிறோம்.

இந்தப் பார்வையின் விலையை அக்கா சீக்கிரமே கொடுக்க வேண்டியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன நம் மக்கள் தோல் பதனிடும் கூடங்களில் உடல் தேய உழைத்து, சதுப்பு நிலத்தை ஊராக்கினார்கள். இன்று மறுசீரமைப்பு என்ற பெயரில் அந்த நிலத்துக்கு விலை வந்துவிட்டது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்கள் தாராவிக்கு வெளியே போக வேண்டும். அக்கா வீடு மாடியில் இருக்கிறது. அந்த ஏணியைப் பார்த்துவிட்டுப் போன எத்தனையோ பேரில் ஒருவரும் மேலே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டதில்லை என்கிறார் அவர்.

மும்பை போகிற தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கேட்வேயைப் பாருங்கள், கடலைப் பாருங்கள். ஆனால் பரேலுக்கும் தாதருக்கும் அரைநாள் ஒதுக்கிப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். நம் இடங்களை நாம்தான் காட்ட வேண்டும். அடுத்து, தாராவியில் சொந்தபந்தம் இருந்தால் ஒருவேளை சாப்பாட்டோடு திரும்பிவிடாதீர்கள். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது என எது இருந்தாலும் எடுத்துவைக்க உதவுங்கள். மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்குள்ளேயே வீடு வேண்டும் என்று அவர்களோடு சேர்ந்து கேளுங்கள்.

ஜெய் பீம்!