ஆயிரத்து ஐநூறு வெள்ளி... எந்த ஊர் வெள்ளி?

இலத்தூர் விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் ஓர் இளைஞரிடம் தெரிந்தவர் ஒருவர் வந்து, "மாசம் ஆயிரத்து ஐநூறு வெள்ளி சம்பளம், தங்குற இடம் ஃப்ரீ, போறியாடே?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இளைஞர் முதலில் என்ன கேட்க வேண்டும்? என்ன வேலை என்றா? எத்தனை மணி நேரம் என்றா? அதெல்லாம் அப்புறம். "எந்த ஊர் வெள்ளி?" என்பதுதான் முதல் கேள்வி.

ஏனென்றால் அங்குள்ள தமிழர் பேச்சில் சிங்கப்பூர் டாலரும் வெள்ளிதான், மலேசிய ரிங்கிட்டும் வெள்ளிதான். 2024-ல் ஒரு சிங்கப்பூர் டாலர் வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் தேவைப்பட்டது. சொல் ஒன்று, தொகை ஒன்று. ஆனால் ஊருக்கு வந்து சேரும் பணம் மூன்றில் ஒரு பங்காகிவிடும்!

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? தமிழன் செய்த தவறா? இல்லை. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே பணம். 1967 ஜூன் 12-ல்தான் மலேசியா, சிங்கப்பூர், புரூணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. அதன் பிறகும் 1973 வரை ஒன்றுக்கு ஒன்று என்று சரிசமமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்தக் காலத்தில் "எந்த ஊர் வெள்ளி" என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பிறகு பணம் பிரிந்துவிட்டது, பெயர் பிரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பெயர்களின் அர்த்தத்தைப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். "ரிங்கிட்" என்றால் மலாய் மொழியில் பல் பல்லாக இருப்பது என்று பொருள். முன்பு அந்தப் பகுதியில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி டாலரின் விளிம்பு அப்படி இருக்கும். அது வெறும் அலங்காரம் அல்ல. நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவது அக்காலத்தில் ஒரு தொழிலாகவே நடந்தது. பல் வெட்டிய விளிம்பைச் சுரண்டினால் உடனே தெரிந்துவிடும்! மலாய்க்காரர் விளிம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார். தமிழர் உலோகத்தைப் பார்த்து "வெள்ளி" என்றார். நம் ரூபாயும் அதே கதைதான். வெள்ளியைக் குறிக்கும் "ரூப்ய" என்ற வடசொல்லிலிருந்து வந்தது. "டாலர்" மட்டும் ஊர்ப்பெயர். இன்றைய செக் நாட்டில் உள்ள யோவாகிம்ஸ்தால் என்ற சுரங்க ஊரில் அடித்த வெள்ளி நாணயம் "தாலர்" ஆகி, பிறகு டாலர் ஆனது. "தால்" என்றால் பள்ளத்தாக்கு.

ஆங்கிலத்தில் என்ன ஆயிற்று? மலேசியப் பணத்தை மலாயில் ரிங்கிட் என்றும் ஆங்கிலத்தில் டாலர் என்றும் சொல்லிவந்தார்கள். 1975 ஆகஸ்டில் ரிங்கிட் என்பதே அதிகாரபூர்வப் பெயரானது. அதன்பின் ஆங்கிலத்திலும் ரிங்கிட்தான். அதிலும் ஒரு விதி உண்டு: பத்து "டாலர்ஸ்" எழுதலாம், பத்து "ரிங்கிட்ஸ்" எழுதக் கூடாது. யென், யுவான் போல ஒன்றானாலும் நூறானாலும் ரிங்கிட்தான். காமர்ஸ் மாணவர்கள் கவனிக்கவும்!

ஆங்கிலத்துக்குத் தமிழ் ஒரு பணப்பெயரைக் கொடுத்ததும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். சின்ன நாணயத்தைக் குறிக்கும் "கேஷ்" என்ற பழைய ஆங்கிலச் சொல் நம் "காசு", போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. சீனத்துச் செப்புக் காசைக்கூட ஆங்கிலேயர் அந்தப் பெயரில்தான் அழைத்தனர். (கேஷ் புக்கில் வரும் கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த சொல்.) மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு இருந்தது.

ஆகவே, "வெள்ளி என்பது கொச்சை, டாலர், ரிங்கிட் என்றே சொல்ல வேண்டும்" என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. அது கடல் கடந்து போன தமிழர் தம் கையில் வாங்கிய கூலியைத் தொட்டுப் பார்த்து வைத்த பெயர். ரிங்கிட்டுக்கு உள்ள அதே உரிமை அதற்கும் உண்டு. சிங்கப்பூரின் தமிழ் முரசு நாளிதழும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறது.

ஆனால் பேச்சு வேறு, ஒப்பந்தம் வேறு. வாயால் வெள்ளி என்று சொல்லலாம். கையெழுத்துப் போடும் காகிதத்தில் அது மட்டும் இருக்கக் கூடாது. மலேசியா என்றால் எம்ஒய்ஆர், சிங்கப்பூர் என்றால் எஸ்ஜிடி. வங்கிகள் எழுதும் இந்த மூன்று எழுத்து சம்பளத் தொகைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏஜென்ட் வாய்விட்டுச் சொன்னதை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது.

அந்தக் காலத்தில் நாணயத்தின் விளிம்பைச் சுரண்டினார்கள். இன்று சொல்லின் விளிம்பைச் சுரண்டலாம். அதற்குப் பல் வெட்டி வைப்பதுதான் அந்த மூன்று எழுத்து. வீட்டில் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குக் கட்டும் முன், ஒரு நிமிஷம் நின்று கேட்பதில் என்ன வெட்கம்?