கோர் எண்ணி சர்வர் வாங்காதீர்கள்

"பிராசசர் நல்லதாப் போட்டாப் போதும் சார், போர்டு எதுவா இருந்தா என்ன?" சர்வர் வாங்கப் போகிறவர்கள் கடைதோறும் கேட்கும் பேச்சு இது. கணக்கும் பில்லும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கப்போகும் இயந்திரத்தைக் கோரையும் கிகாஹெர்ட்ஸையும் மட்டும் பார்த்து வாங்குவது பெரும் பிழை.

ராமில் ஒரு பிட் புரண்டு இயந்திரம் நின்றுபோனால் நல்லது, கோளாறு தெரிந்துவிடும். நிற்காமல் தப்பான எண்ணை டிஸ்க்கில் எழுதிவிட்டால்? பேக்கப்பிலும் அதே தப்பு ஏறும். அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம்களில் பிழை கண்டது. இதைத் திருத்தத்தான் இ.சி.சி. ராம்: 64 பிட்டோடு 8 பிட் கூடுதல். டிடிஆர்4 ராமைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரணத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் 8 சிப், இ.சி.சி.யில் 9.

அந்த ஒன்பதாவது சிப்புக்கு வேலை உண்டா என்பது பிராசசரோடு போர்டையும் பொறுத்தது. இன்டெல் கோர் ஐ7-12700ஐ டபிள்யூ680 சிப்செட் போர்டில் போட்டால் இ.சி.சி. கிடைக்கும். அதே பிராசசரை இசட்690இல் போட்டால் கிடைக்காது. ஏ.எம்.டி. ரைசனிலோ போர்டு தயாரிப்பாளர் வைத்ததுதான் சட்டம். சில போர்டுகளில் இ.சி.சி. ராம் பூட் ஆகும், திருத்தம் மட்டும் நடக்காது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சாதாரணக் கணினிகளுக்கு இ.சி.சி. கிடைக்காமல் செய்ததற்காக 2021இல் இன்டெலைக் கடுமையாகச் சாடினார். 'டிடிஆர்5இல் இ.சி.சி. உள்ளேயே இருக்கிறது' என்பதையும் நம்ப வேண்டாம். அது சிப்புக்குள் நேரும் பிழையைத்தான் திருத்தும். ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் நேர்வதை அல்ல.

போர்டைப் பார்த்து வாங்க இன்னொரு காரணம், சர்வர் போர்டில் இருக்கும் பி.எம்.சி. என்ற தனி மேலாண்மைச் சிப். இயந்திரம் உறைந்துபோனால், வீட்டிலிருந்தே பயாஸ் வரை பார்க்கலாம், அணைத்துப் போடலாம்.

விலை கூடும், உண்மைதான். அப்படியென்றால் கோரைக் குறையுங்கள். சின்ன அலுவலகத்தின் ஃபைல் சர்வர் பெரும்பாலும் டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் காத்திருக்கிறதே தவிர, பிராசசருக்கு அல்ல.

அடுத்த கொட்டேஷனில் போர்டின் முழு மாடல் பெயரைக் கேளுங்கள். தயாரிப்பாளரின் ராம் பட்டியலில் உங்கள் ராம் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸை ஏற்றி, ராம் பிழைகளைக் கண்காணிக்கும் எடாக் டிரைவர் இ.சி.சி.யைக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.