முருங்கையை வெட்டுமுன்

நம் காட்பாடியில் கொல்லைப்புறத்தில் முருங்கை நிற்கும் வீடுகள் இன்றும் பல. மழை ஓய்ந்த சில நாட்களில் அதன் அடிமரத்தில் கம்பளிப் புழுக்கள் பாய் விரித்தாற்போல் அப்பிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். பிள்ளையொன்று தெரியாமல் கைவைத்து, உடல் தடித்து அழுதுவிட்டால் போதும். மறுநாளே மரம் வெட்டுபவரை அழைத்துவிடுகிறோம். சற்றுப் பொறுங்கள்.

அந்தப் புழு வளர்ந்து என்னவாகிறது என்று எண்ணியதுண்டா? மக்ரிபுக்குப் பின் விளக்கைத் தேடி வரும் பெரிய அந்துப்பூச்சிகளுள் ஒன்றுதான் அது. வெளிர்மஞ்சள் கலந்த பழுப்புச் சிறகு. அதில் மங்கிய கோடுகள். புழுவை அறியாதார் இல்லை. அந்துவை அறிந்தவர் மிகச் சிலரே. 'யூப்டெரோட் மாலிஃபெரா' என 1865-ஆம் ஆண்டில் இதனைப் பெயரிட்டு விவரித்தவர் பிரான்சிஸ் வாக்கர் என்னும் ஆங்கிலேயர். நம் பாட்டிமார் அதற்கு வெகுகாலம் முன்பே வேறு பெயர்களால் வைதிருப்பார்கள் என்பது தனிச் செய்தி!

ஒரு விந்தையைக் கேளுங்கள். முருங்கையின் பூர்வீகம் வடக்கே இமயமலை அடிவாரம். அதன் இலையைத் தின்னும் இந்த அந்துவோ தென்னாட்டுக்கு உரியது. முருங்கை கடல் கடந்து ஆப்பிரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் வேரூன்றிவிட்டது; இந்தப் பூச்சி உடன் செல்லவில்லை. ஆகவே இத்தொல்லை நம் மண்ணுக்கே உரியது. ஒரு மரத்தை வெட்டுவதால் அது ஒழியாது. அண்டை வீட்டு முருங்கையில் முட்டையிடும். கீரையையும் காயையும் இழப்பவர் நீங்கள்தாம்.

கூட்டமாக வாழ்வதே இதன் பலவீனம். இலையிலும் இளந்தண்டிலும் குவியலாக இடப்பட்ட முட்டைகளைக் கண்டவுடன் கிள்ளி அழித்துவிடலாம். அடிமரத்தில் திரண்ட புழுக்களைத் தீப்பந்தம் காட்டிக் கருக்குவது வேளாண் துறையினரும் கூறும் வழியே. கூரை வீடு அருகில் இருந்தால் மட்டும் வேண்டாம். லிட்டர் நீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். நாளை சட்டியில் வேகப்போகும் கீரையின் மீது கொடிய நஞ்சைத் தெளிப்பது மட்டும் எவ்வகையிலும் தகாது.

பிள்ளையின் மேல் ரோமம் பட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்து, பின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ, கண்ணில் பட்டாலோ தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

இன்னொன்று. புழு கூட்டுப்புழுவாகி உறங்குவது மரத்தடி மண்ணில். அந்த மண்ணை லேசாகக் கிளறிவிட்டு, வீட்டுக் கோழிகளை அவிழ்த்துவிடுங்கள்.