வீடு திரும்பும் பிள்ளைக்கு



பிரிந்த பிள்ளையைத் திரும்பப் பெறக் காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத் தவணைக்குப் போகும் தாய்க்கு அக்கரை கண்ணுக்கெட்டும் தூரம்தான். கடலைக் கடக்கும் மிதவைப் பாதை ஓடினால் சில நிமிடப் பயணம். ஓடாத நாளில் பொன்னாலைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணம் போய், பண்ணை, அல்லைப்பிட்டி என்று சுற்றிவர வேண்டும். அன்றைய கூலியும் போச்சு. இரண்டு தவணை தவறினால் ‘தாய்க்கு அக்கறையில்லை’ என்று யாரும் முடிவுகட்டிவிடலாம். அவளுக்காக நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல ஒரு நன்னடத்தை அலுவலரோ, பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோ வாய்த்தால் கதை வேறு.

சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார். தாய் மத்திய கிழக்குக்குப் போனது, மறுமணம், குடி, கையில் காசில்லாதது என்று பிள்ளை இல்லத்துக்கு வரக் காரணங்கள் பல. போர் முடிந்த 2009இன் இறுதியில், போர் பிரித்த பிள்ளைகளைத் தேடிக் குடும்பத்தோடு சேர்க்க வவுனியாவில் நன்னடத்தைத் திணைக்களமும் யுனிசெப்பும் தனிப்பிரிவு அமைத்தன. வறுமை பிரித்த பிள்ளையைத் தேடவே தேவையில்லை, முகவரி தெரியும். சேர்த்து வைக்கத்தான் ஆள் வேண்டும்.

அது லேசான காரியமில்லை. நாலு வயதில் சின்னம்மா வீட்டுக்குப் போன பிள்ளை ஒன்பது வயதில் திரும்புகிறது என்று வையுங்கள். தாய் பனங்காய்ப் பணியாரம் சுட்டு வைத்திருப்பாள்; பிள்ளை தொட்டும் பாராது. இரவில் சின்னம்மாவைக் கேட்டு அழும். 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி ‘தகுந்த ஆள்’ என்று கண்டு நீதிமன்றம் பிள்ளையை ஒப்படைத்த அந்தச் சின்னம்மாவுக்கும் அன்றிரவு நித்திரை வராது. அவளை எதிராளியாக்காமல், சனி ஞாயிறில் பிள்ளை போய்வர வழி வைப்பதில்தான் நல்ல அலுவலரின் கெட்டித்தனம் தெரியும். தாய் வீட்டுக்கும் படிப்படியாகத்தான்: முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு பள்ளி விடுமுறை. நீதிமன்றக் கட்டளை கைக்கு வந்த பிறகும் அலுவலர் மாதக்கணக்கில் அந்தத் தாய் வீட்டுப் படியேற வேண்டும். பள்ளிக்கூட மாற்றம், பிறப்புச் சான்றிதழ், தாய்க்கு ஒரு தொழில் எல்லாம் அவர் தலையில்.

நம் பங்குக்கு வருவோம். பிறந்தநாள் என்றாலும் அப்பப்பாவின் ஆண்டுத்திவசம் என்றாலும் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறோம். நல்ல மனம்தான், படமெடுத்து முகநூலில் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆனால் இல்லத்தில் இருந்தால்தான் சோறும் கொப்பியும் கிடைக்கும் என்று ஏழைத் தாயை நினைக்க வைப்பதும் நம் கொடைதான். 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை, இல்லத்தைக் கடைசி வழியாகவே வைக்கிறது. நன்னடத்தைத் திணைக்களத்தின் ‘செவன சரண’ திட்டத்தில், பிள்ளை தன் குடும்பத்தோடு இருக்கும்போதே கொடையாளர் மாதாமாதம் உதவலாம்.

ஊரில் இருப்போருக்கும் லண்டன், ரொறன்ரோக் காரைநகராருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திவசத்துக்கு முன் பிரதேச செயலகத்தின் சிறுவர் பிரிவோடு ஒருக்கால் கதையுங்கள். வீடு திரும்பவிருக்கும் பிள்ளையின் பெயரைக் கேட்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு என்ன தேவை என்று மட்டும் கேளுங்கள். சைக்கிளாக இருக்கலாம், தையல் மெசினாக இருக்கலாம். அதை வாங்கிக் கொடுங்கள், படம் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்